பேரனுடைய புத்தகத்தை நான் வாசிக்கலாமா?

கேள்வி:

களுவாஞ்சிக்குடியிலிருந்து 56 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்.

"பிரதேச செயலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். பென்ஷனுக்கு இன்னும் கொஞ்சக் காலம்தான். டிசம்பர் லீவுக்கு வந்த பேரன், ஹரி பொட்டர் முதலாம் புத்தகத்தை மேசையில் விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டான். காய்ச்சலில் படுத்திருந்தபோது சும்மா புரட்டினேன். இப்போது நான்காவது புத்தகத்தில் நிற்கிறேன். என் ஆங்கிலம் கந்தோர் ஆங்கிலம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறேன். பஸ்ஸில் வெட்கமாக இருப்பதால் பிறவுண் பேப்பரில் உறை போட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் 'வயது போகப் போகப் புத்தி பின்னுக்குப் போகுது' என்று பகிடி பண்ணுகிறார். மந்திர தந்திரம் எழுதின புத்தகத்தைச் சாமியறைக்குப் பக்கத்தில் வைக்காதே என்கிறா மச்சாள். அதைவிட ஒரு விஷயம். அம்மா போன வருடம் தவறிவிட்டா. செத்தவீட்டில் வந்தவர்களைக் கவனிப்பதிலேயே நின்றேன், ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஆனால் அந்தப் பெடியன் கண்ணாடிக்கு முன்னால் குந்தியிருக்கும் இடத்தை வாசித்தபோது விக்கி விக்கி அழுதேன். எனக்கு ஏதாவது கோளாறா? இந்த வாசிப்பை விட்டுவிட வேண்டுமா? தேவையில்லை என்றால் அடுத்ததாக எதை வாசிக்கலாம்?"

பதில்:

அன்புள்ள சகோதரி,

விட வேண்டாம். கோளாறும் இல்லை. இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை ஆறுதலாகக் கதைக்கலாம்.

பிறவுண் பேப்பர் உறையைப் பற்றி வாசித்தபோது சிரிப்பு வந்தது. நீங்கள் செய்ததை லண்டனில் ஒரு பதிப்பகமே செய்திருக்கிறது. ஹரி பொட்டர் முதலாம் புத்தகம் 1997 ஜூனில் வந்தது. அடுத்த வருடமே ப்ளூம்ஸ்பரி பதிப்பகம் அதே கதையை, ஒரு எழுத்தும் மாற்றாமல், பெரியவர்களுக்கென்று வேறு அட்டையில் வெளியிட்டது. வண்ணப்படத்துக்குப் பதிலாகக் கறுப்பு வெள்ளையில் ஒரு நீராவி ரயிலின் புகைப்படம். ரயிலில் வேலைக்குப் போகிற பெரிய மனிதர்கள் கூச்சப்படாமல் விரித்து வாசிக்கத்தான் அந்த ஏற்பாடு. உங்கள் உறைக்கு ஒரு முழத் தாளும் கொஞ்சம் கோந்தும்தான் செலவு. அவர்கள் அச்சகத்துக்கே காசு கொடுத்தார்கள்.

நூலகராக மேசையில் இருந்து பார்த்தால் இந்தக் கூச்சம் நன்றாகத் தெரியும். சிறுவர் பகுதியிலிருந்து புத்தகம் எடுத்து வருகிற பெரியவர்கள் நான் கேட்காமலே "பேத்திக்கு", "மகனுக்கு" என்பார்கள். திருப்பித் தரும்போது "இதின்ட அடுத்த பாகம் வந்திட்டா?" என்று கேட்கிற அவசரத்தில் யாருக்குப் புத்தகம் என்பது வெளிச்சமாகிவிடும். நாங்கள் கண்டுகொள்வதில்லை. திகதியைக் குத்திக் கொடுத்துவிடுவோம்.

நூலகத்துக்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது. புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் தூயி தசமப் பகுப்பில் ஆங்கிலப் புனைகதைக்கு 823. ஹரி பொட்டரும் அதில்தான், அப்பாவித்தனமான காதல் நாவலும் அதில்தான், கொலை வழக்குக் கதையும் அதில்தான். நாட்டார் கதைகளும் தேவதைக் கதைகளும் 398.2. அது சமூக விஞ்ஞானத்துக்குள் வருகிறது, மனிதர்களின் சடங்குகளையும் பழக்கவழக்கங்களையும் பற்றிய நூல்களுக்குப் பக்கத்து இராக்கை. அந்த எண்களில் வாசகரின் வயது எங்கேயும் இல்லை. சிறுவர் பகுதி என்று தனியாக ஓர் அலுமாரி வைப்பது பிள்ளைகளின் கை எட்டுகிற உயரத்தில் புத்தகம் இருக்க வேண்டும் என்பதற்காக. பெரியவர்கள் குனிந்து எடுக்கக்கூடாது என்று எந்த ஒழுங்குவிதியும் இல்லை.

சரி, வீட்டுக்காரரின் பகிடிக்கு வருவோம். அவர் கூத்துப் பார்த்திருப்பார்தானே? எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் பார்க்காத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பகல் முழுக்க வயலில் நின்ற மனிதர் இரவில் முடி வைத்து, சலங்கை கட்டி, அருச்சுனனாகக் களரியில் இறங்குகிறார். தவம் இருக்கிறார், வரம் வாங்குகிறார், அத்திரம் விடுகிறார். கிழவர்கள் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு விடியும்வரை இருந்து பார்க்கிறார்கள். அருச்சுனன் பிழையாக ஆடினால் கூத்துப் பழக்கிய அண்ணாவியாருக்குக் கோபம் வருகிறது, சபையோருக்கும் வருகிறது. யாரும் இதைச் சின்னப்பிள்ளை வேலை என்று சொன்னதில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் வழக்குரை பாடி, குளிர்த்தி செய்து, ஒரு நகரத்தையே எரித்த பெண்ணின் கோபத்தை ஊர் கூடித் தணிக்கிறோம். மாயமும் சாபமும் வரமும் நிறைந்த கதைகளைப் பெரியவர்கள் பெரியவர்களுக்காகச் சொல்லி வந்த மண் இது. அவற்றை ஆறாம் ஆண்டுக்குக் கீழே தள்ளி வைத்தது நேற்றைய பழக்கம். வீட்டுக்காரரிடம் இவ்வளவும் பேசத் தேவையில்லை. அடுத்த கூத்துக்கு அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்படும்போது ஒரு பார்வை பார்த்தால் போதும்.

மச்சாளின் பயம் வேறு வகை. அதைப் பகிடியாக்க எனக்கு மனமில்லை. மட்டக்களப்புக்குப் போனால் மந்திரத்தால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்லிச் சிரிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பில்லி, சூனியம், நூல் கட்டுதல் என்றால் எங்கள் வீடுகளில் அது வெறும் கதை இல்லை, யாரோ ஒருவர் தலையில் விழுந்த சம்பவம். அதனால் மந்திரம் என்ற சொல்லைக் கண்டால் மச்சாளுக்கு நெஞ்சு பதறத்தான் செய்யும். அவ தனியாகவும் இல்லை. அமெரிக்க நூலகச் சங்கம் 2000 முதல் 2009 வரை அதிகம் எதிர்ப்புக்குள்ளான நூல்களைப் பட்டியல் போட்டபோது முதலிடத்தில் நின்றது இந்தத் தொடர்தான். மாந்திரீகம் கற்றுக்கொடுக்கிறது என்பது அங்கேயும் பெற்றோர் சொன்ன குறை. நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: உண்மையாகச் செய்வினை, மாந்திரீகம் பற்றி எழுதிய நூல்களுக்கு 133 என்று தனி எண் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது அது இல்லை. இந்தக் கதையின் மந்திரங்கள் பாதி லத்தீன் சாயலில் ஆசிரியர் இட்டுக்கட்டிய சொற்கள். குச்சியை ஆட்டிச் சொல்லிப் பார்த்தாலும் அடுப்பில் தீ பிடிக்காது. இருந்தாலும் புத்தகத்தைச் சாமியறைக்குத் தள்ளி வேறொரு மேசையில் வையுங்கள். உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை, மச்சாளுக்கு நித்திரை வரும்.

இனிக் கண்ணாடி.

வாசிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வயதிலேயே தாய் தகப்பனை இழந்த பிள்ளை, பதினொரு வயதில் மந்திரப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறான். நத்தார் விடுமுறையில் ஒரு இரவு, பாவிக்காமல் கிடக்கும் ஒரு வகுப்பறையில் பெரிய நிலைக்கண்ணாடி ஒன்றைக் காண்கிறான். அதற்குள் அம்மா நிற்கிறா, அப்பா நிற்கிறார், பின்னால் சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள். அம்மா சிரிக்கிறா, கை அசைக்கிறா, அழுகிறா. இவன் திரும்பிப் பார்த்தால் அறையில் யாருமில்லை. மனதின் ஆகப் பெரிய ஆசையைக் காட்டுகிற கண்ணாடி அது. அடுத்த இரவும் வருகிறான், அதற்கடுத்த இரவும் வருகிறான். தலைமையாசிரியர் அவனை ஏசவில்லை. பக்கத்தில் தரையில் இருந்து கதைக்கிறார். இதற்கு முன்னால் இருந்தே தேய்ந்துபோன மனிதர்கள் உண்டு, நாளைக்கு இது வேறிடம் போய்விடும், தேடாதே என்கிறார்.

இதில் பிள்ளைகளுக்குப் பிடிப்பது மாயக் கண்ணாடி. உங்களைப் பிடித்தது அந்தக் கண்ணாடி கொடுக்காத பொருள். ஒரு பள்ளிக்கூடம் நிறைய மந்திரம் தெரிந்தவர்கள், தும்புத்தடியில் பறக்கிறார்கள், எலியை மூக்குப்பொடி டப்பாவாக மாற்றுகிறார்கள். செத்துப்போன ஒரு தாயை மட்டும் அவர்களால் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. மந்திரக் கதைகளில் நல்லது எது, மட்டமானது எது என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். மட்டமான கதையில் மந்திரம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும். நல்ல கதையில் அது ஓரிடத்தில் போய் நின்றுவிடும், பெரும்பாலும் சாவுக்கு முன்னால். அதற்குமேல் மனிதர்தான் நடக்க வேண்டும்.

இது தற்செயலாக வந்ததும் இல்லை. ரௌலிங் முதலாம் புத்தகத்தை எழுதத் தொடங்கிய 1990ஆம் ஆண்டின் கடைசியில் அவருடைய அம்மா இறந்தார், வயது 45. அந்தக் கண்ணாடி அத்தியாயத்தை எழுதியவரும் உங்களைப்போல் தாயை இழந்த ஒரு மகள். நார்னியா கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸுக்குத் தாய் போனபோது ஒன்பது வயது. அவருடைய ஒரு கதையில் ஒரு சிறுவன் வேற்றுலகத்திலிருந்து ஒரு அப்பிளைக் கொண்டுவந்து சாகக் கிடக்கிற தாய்க்குக் கொடுக்கிறான், தாய் எழும்பிவிடுகிறா. அதை லூயிஸ் எழுதி வெளியிட்டபோது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. என் அளவுகோலின்படி அந்த அப்பிள் தோற்க வேண்டிய இடம். ஆனால் எழுதியவர் யாரென்று தெரிந்த பிறகு அளவுகோலை லாச்சிக்குள் வைத்துவிட்டேன். ஹொபிட் எழுதிய டோல்கீன் நான்கு வயதில் தகப்பனையும் பன்னிரண்டு வயதில் தாயையும் இழந்தவர். பிள்ளைகளுக்கென்று அட்டையில் போட்டிருந்தாலும் உள்ளே கதைப்பது பெரியவர்களின் துக்கம். அதை உங்கள் மனம் கண்டுபிடித்துவிட்டது.

செத்தவீட்டில் ஏன் அழவில்லை என்று உங்களையே குற்றம் சொல்கிறீர்கள். நான் உளவளத்துணையாளர் இல்லை, நூலகர். ஆனாலும் உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. வந்தவர்களைக் கவனித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கதிரை போட, தேத்தண்ணி கொடுக்க, எட்டுக்கும் முப்பத்தொன்றுக்கும் சாமான் எழுத ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள். அழுவதற்கு அந்த நாட்களில் உங்களுக்கு ஓரிடமும் இருக்கவில்லை. பிறகு ஒரு நாள் காய்ச்சலில், யாரும் எதுவும் கேட்காத நேரத்தில், வேறொருவரின் அம்மா ஒரு கண்ணாடிக்குள் கை அசைத்தா. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஒன்று, நித்திரை அடிக்கடி கெடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, கந்தோருக்குப் போகவே மனமில்லை என்று நிலைமை இருந்தால் புத்தகத்தை நம்பி இருக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் உளநலப் பிரிவு இருக்கிறது, போய்க் கதையுங்கள். கடிதத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

அந்த அத்தியாயத்தின் கடைசியில் ஒரு சின்ன இடம் உண்டு, திரும்பவும் எடுத்துப் பாருங்கள். "ஐயா, இந்தக் கண்ணாடியில் உங்களுக்கு என்ன தெரிகிறது?" என்று பையன் கேட்கிறான். தடித்த கம்பளிக் காலுறை ஒரு சோடி என்கிறார் தலைமையாசிரியர். பிள்ளைகள் அந்த இடத்தில் சிரிப்பார்கள். 56 வயதில் வாசிக்கிற ஒருவருக்கு அந்த மனிதர் பொய் சொல்கிறார் என்று உடனே பிடிபடும். எதை மறைத்தார் என்பதை ஊகிக்க 2007இல் வந்த ஏழாவது புத்தகம்வரை போக வேண்டும். நான் சொல்லிக் கெடுக்க மாட்டேன்.

ஐந்தாவது புத்தகத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் முன்கூட்டியே. மூன்றாவதில் பள்ளிக்கூடத்து வண்டிகளைக் கண்ணுக்குத் தெரியாத குதிரை இழுக்கிறது என்று ஹரி நினைத்துக்கொள்கிறான், ஞாபகமா? ஐந்தாவதில் அவை அவனுக்குத் தெரியத் தொடங்கும். எலும்பும் தோலுமான கரிய குதிரைகள். சாவை நேரில் கண்டவர்களுக்கு மட்டும்தான் அவை தெரியும், அதனால் வகுப்பில் இரண்டு மூன்று பிள்ளைகள்தான் பார்க்கிறார்கள். இந்த இடத்தில் நான் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன். யுத்தமும் 2004 மார்கழி 26 சுனாமியும் கடந்து வந்த எங்கள் கரையில் ஒரு வகுப்பறையை எடுத்துக்கொண்டால், அந்தக் குதிரைகள் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்? அதை எழுதிய பெண்ணுக்குக் கல்லாறும் தெரியாது, நாவலடியும் தெரியாது.

துக்கத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், கதையில் சிரிப்பும் நிறைய இருக்கிறது. அதிலும் உங்களுக்கென்றே ஒரு பங்கு இருக்கிறது. நான்காவது புத்தகத்தில் பேர்சி என்ற பெடியனுக்கு மந்திர அமைச்சில் புதிதாக வேலை கிடைத்திருக்கும். இறக்குமதியாகும் மந்திர அண்டாக்களின் அடித்தடிப்புக் குறைந்து வருகிறது என்று ஓர் அறிக்கை தயாரிப்பான், அது முடியும்வரை வீட்டில் யாரும் சத்தம் போடக்கூடாது. பத்து வயதுப் பிள்ளை அந்தப் பக்கத்தை ஓடிக் கடந்துவிடும். சுற்றுநிருபமும் பின்னிணைப்பும் பார்த்தே வயது போன நீங்கள் அப்படிக் கடக்க முடியாது. உங்கள் கந்தோரில் பேர்சி யார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஒருவர் கட்டாயம் இருப்பார்.

இதெல்லாம் உலகத்தை விட்டுத் தப்பி ஓடுவதுதானே என்று யாராவது கேட்டால், டோல்கீன் 1939இல் ஸ்கொட்லாந்தில் ஆற்றிய உரையொன்றில் பதில் வைத்திருக்கிறார். சிறைக்குள் இருப்பவன் வீட்டை நினைப்பதும், சிப்பாய் களத்தை விட்டு ஓடுவதும் ஒன்றில்லை என்பது அதன் சாரம். நீங்கள் காலையில் எழும்பிச் சமைத்து, பஸ் பிடித்து, கையொப்பம் வைத்து, பின்னேரம் திரும்பி வருகிறீர்கள். களத்தை விட்டு எங்கே ஓடினீர்கள்?

அடுத்ததாக எதை வாசிப்பது? ஏழையும் முடித்த பிறகு 'த ஹொபிட்' எடுங்கள். 1937இல் வந்தது. அதன் நாயகன் சிறுவன் இல்லை, ஐம்பது வயதுள்ள ஒரு குள்ளர், உங்களைவிடக் கொஞ்சம் இளையவர். வீடு, தேத்தண்ணி, கேக் என்று சுகமாக இருந்தவரை இழுத்துக்கொண்டு போகிறார்கள். கைக்குட்டையை எடுக்க மறந்து புறப்பட்டுவிட்டேனே என்று வழியில் கவலைப்படுகிறார். பிறகு டயானா வின் ஜோன்ஸ் 1986இல் எழுதிய, ஹௌல் என்ற மந்திரவாதியின் நகரும் மாளிகை பற்றிய நாவல். தொப்பிக் கடையில் வாயைத் திறக்காமல் இருந்த ஒரு இளம்பெண்ணைச் சூனியக்காரி ஒருத்தி கிழவியாக்கிவிடுகிறாள். கிழவியானதும் அவளுக்குப் பயம் போய்விடுகிறது, யாரையும் வாய்க்கு வந்தபடி ஏசத் தொடங்குகிறாள். பிள்ளைகளைவிட எங்கள் வயதுப் பெண்கள் இதை ரசிப்பார்கள் என்பது என் எண்ணம். அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விசார்ட் ஒஃப் ஏர்த்ஸீ'யைக் கடைசிக்கு வையுங்கள். தீவுகளும் தோணிகளும் காற்றுமாக இருக்கும் கதை, கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு வாசனை பிடிபடும். ஆனால் ஆங்கிலம் கொஞ்சம் இறுக்கம், அவசரப்பட்டால் கை நழுவும்.

அகராதியைப் பற்றியும் ஒன்று. ஒவ்வொரு சொல்லுக்கும் புரட்டாதீர்கள். மூன்று தரம் எதிரே வந்து மறித்த சொல்லை மட்டும் பாருங்கள், மிச்சம் போகப் போக விளங்கும். தெரியாத மற்றச் சொற்களை ஒரு கொப்பியில் குறித்து வைத்து, பேரன் அழைக்கும்போது அவனிடமே கேளுங்கள். கொழும்புப் பிள்ளைகள் போனில் "ம்", "சரி" என்று வைத்துவிடுவார்கள், இந்தக் கதையென்றால் லேசில் வைக்கமாட்டான். அவனுக்குப் பத்து வயது என்றால் முதல் மூன்று புத்தகமும் தாராளமாகப் போகும். நான்காவதின் கடைசிப் பகுதி இருண்டு வருகிறது, நீங்கள் முதலில் வாசித்து முடித்துவிட்டு, அவனுக்கு எப்போது கொடுக்கலாம் என்று மகளோடு கதைத்து முடிவு எடுங்கள்.

ஹொபிட்டில் நிறையப் பாட்டுகள் வரும். களைப்பாக இருக்கிற நாளில் அவற்றைத் தாண்டிப் போகலாம், கதை விட்டுப்போகாது.